மஞ்ச வண்டிக்குள்ள சிறுவாணி

தமயந்தி அக்காவோட மஞ்ச ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள மொதமொதல்ல தண்ணி வந்தது பங்குனி மாசத்துல ஒரு செவ்வாக்கெழம காலைல. அன்னைக்கு கோயமுத்தூர்ல மழை இல்ல, மேகம் இல்ல, வெயில் ஒம்பது மணிக்கே மண்டையப் பொளந்துட்டு இருந்துச்சு, கணபதி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி எங்க வீதியில நல்லதண்ணி வந்து பன்னெண்டு நாள் ஆயிருந்துச்சு. அப்படிப்பட்ட ஒரு நாள்ல அக்கா வந்து கதவத் தொறந்தா, கால் வெக்கற எடத்துல கணுக்கால் முங்கற அளவுக்குத் தண்ணி தெளிவா நிக்குது, அதுக்கடியில பிரேக்கும் கிளட்ச்சும் ஆத்துல கெடக்கற கூழாங்கல்லு மாதிரி பளபளன்னு தெரியுது.

அக்கா சொன்ன மொத வார்த்த, "அய்யோ, ஈசியூ!"

ஈசியூங்கறது வண்டியோட மூளை. ஒரு டிபன் பாக்ஸ் சைஸ்ல இருக்கும், இந்த ஜப்பான் வண்டியில அத யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்து சீட்டுக்காரரோட காலுக்கடியில, கார்ப்பெட்டுக்குக் கீழ கொண்டுபோய் வெச்சிருக்கான். ரெண்டே சீட்டு, மேல மடக்கற துணிக் கூரை, நாலு வருஷம் திருச்சூர்ல ஒரு ஷெட்டுல தார்ப்பாய்க்கு அடியில கெடந்த வண்டி. அக்கா அத பாலக்காடு வழியா ஓட்டிட்டு வந்த அன்னைக்கு எங்க வீதியே வாசல்ல நின்னுச்சு, கல்யாண ஊர்வலம் பாக்கற மாதிரி.

அக்கா யாருன்னு சொல்லிடறேன். வீதி மொனையில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறவங்க. கெணத்து மோட்டார் கருகிப்போச்சுன்னா கொண்டுவந்து போடுவாங்க, அக்கா பழைய காயில் கம்பிய உருவி எறிஞ்சுட்டு புதுக்கம்பி சுத்தி, கெணத்துல எறக்கற பதத்துக்குக் குடுப்பாங்க. ஏழாவது படிக்கறப்போ ஊருக்குத் தெக்க இருக்கற ரேஸ் ட்ராக்கு வேலிக்கு வெளிய நின்னு பாத்ததுலருந்து அவங்களுக்கு ஒரே ஆசை, ஒரு தடவை வேலிக்கு உள்ள ஓட்டணும். ரெண்டு தடவ பேரு குடுத்தாச்சு, ரெண்டு தடவையும் எரவல் வண்டி, ரெண்டு தடவையும் செக்கிங்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, ஒருக்கா ஆயில் சொட்டுச்சுன்னு, இன்னொருக்கா ரேடியேட்டர் சொட்டுச்சுன்னு. வண்டியிலருந்து ஒரு சொட்டு எது கீழ விழுந்தாலும் ட்ராக்குக்குள்ள விடமாட்டாங்க, பின்னாடி வர்றவன் வழுக்கிருவான் இல்லீங்களா. மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டா அந்த வருஷம் முழுக்க பேரே எடுத்துக்க மாட்டாங்க. அந்த மூணாவது தடவ, தண்ணி வந்த செவ்வாக்கெழமைலருந்து சரியா பத்தொம்பது நாள்ல, ஞாயித்துக்கெழம.

ஆட்டோ எலக்ட்ரீசியன் ஹபீப் பாய் வந்தாரு, குனிஞ்சாரு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டு மறுபடியும் குனிஞ்சாரு. கூரையில தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கும்னாரு, அடைக்கல. கதவு ஓரத்து ரப்பர் பீடிங் போயிருக்கும்னாரு, போகல. ஏசி தண்ணியா இருக்கும்னாரு, இந்த வண்டியில ஏசியே இல்ல. அப்பறம் ஒரு மக் எடுத்து மோந்து வெளிய ஊத்தப் போனப்போதான் வளர்மதி அக்கா அந்தப்பக்கம் வந்தாங்க. கிரைண்டர் கம்பெனியில கல்லு பொருத்தற வேல அவங்களுக்கு, கை ரெண்டும் இரும்பு, இடுப்புல காலிக் கொடம், பக்கத்து வீதி கொழாயும் காத்துதான் விடுதுன்னு பாத்துட்டுத் திரும்பி வந்த கோவம் மூஞ்சியில.

"பாய், நில்லுங்க. எங்க ஊத்தறீங்க அத?"

"லீக்குத் தண்ணிமா. அழுக்கு."

"அழுக்கா? உங்க பல்லவிட வெளுப்பா இருக்குது." உள்ளங்கையில வாங்கி ஒரு வாய் குடிச்சாங்க. நாக்கச் சப்புக்கொட்டிட்டு இன்னொரு வாய் குடிச்சாங்க. "ஏனுங் பாய், இது சிறுவாணி."

அதுக்கப்பறம் ஹபீப் பாய் குடிச்சாரு, தமயந்தி அக்கா குடிச்சாங்க, எதுத்த வீட்டு வாத்தியார் டம்ளரோட வந்து குடிச்சாரு. போர்த்தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கு உப்புக் கல்லாப் போன எங்க வீதிக்கு அதுல சந்தேகமே வரல, மலையில ஊறி காட்டுல எறங்கி எங்க ஊரு கொழாய்க்கு வர்ற அந்த ஆத்துத்தண்ணியோட இனிப்பு வேற எதுக்கும் கெடையாது. எப்படி வந்துச்சுன்னு கேட்டவங்க மொத்தமே ரெண்டு பேரு, ஒண்ணு ஹபீப் பாய், இன்னொண்ணு வால்வு தொறந்து தண்ணி விடற அண்ணன். அவரு வந்து வண்டிக்கடியில படுத்து பைப்லைன் ஏதாச்சும் இருக்குதான்னு தேடிட்டு, "நான் தொறக்காம எப்படிங்க வரும்?"னு ரொம்ப மனசு ஒடைஞ்சு போனாரு. மத்த எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன மணிக்கு வரும்?

காலைல ஆறுக்கு வரும், எட்டரைக்கு நிக்கும். மூணாவது நாளே எங்களுக்கு அது பழகிருச்சு. அஞ்சே முக்காலுக்கு வண்டி பின்னாடி கொடம் வரிசை நிக்கும், ஆள் வராத கொடத்துக்குப் பதிலா செருப்பு நிக்கும், செருப்பு வராத வீட்டுக்குப் பதிலா ஒரு செங்கல்லு நிக்கும். வீட்டுக்கு மூணு கொடம், கைக்கொழந்த இருக்கற வீட்டுக்கு நாலு, விருந்தாளி வந்திருந்தா கூட்டிட்டு வந்து காட்டணும். தண்ணியில முங்கின எலக்ட்ரிக்கல் எல்லாம் வண்டியில தன்னிஷ்டத்துக்கு வேல செஞ்சுச்சு, ஆனா பொறுப்பா செஞ்சுச்சு. தண்ணி வரப்போகுதுன்னா எடது இண்டிகேட்டர் மினுக்கும். ஓஸ் உள்ள விடணும்னா கண்ணாடி தானா எறங்கும், ஓஸ் பருமனுக்கு ஏத்த மாதிரி. யாராச்சும் வரிசைல நடுவுல பூந்தா ஹார்ன் அடிக்கும், பூந்தவங்க வெளிய போற வரைக்கும் நிறுத்தாது. ஒரு நாள் வாத்தியார் நைசா செங்கல்ல ரெண்டு அடி முன்னாடி நகத்தி வெச்சாரு பாருங்க, அப்போ அடிச்ச அடியில அவரு பிரசர் மாத்திரய எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு. டீக்கடைல "மஞ்ச வண்டி டீ"ன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சாங்க. வண்டிக்கு முன்னாடி தெனமும் யாரோ ஒருத்தர் கோலம் போட ஆரம்பிச்சாங்க.

எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க, தமயந்தி அக்காவத் தவுத்து. அவங்களுக்கு வேணும்கறது காஞ்ச வண்டி. கதவுக்கடியிலருந்து சொட்டுச் சொட்டுன்னு வடிஞ்சுக்கிட்டே இருக்கற வண்டிய எந்த ட்ராக்கு உள்ள விடும்? பத்து நாள் கழிச்சு, வெள்ளிக்கெழம காலைல தண்ணி புடிச்சு முடிச்சதும் வண்டிய கடைக்குள்ள தள்ளி ஷட்டர எறக்கப் போனாங்க. வளர்மதி அக்கா ஷட்டர ஒரு கையில புடிச்சு நிறுத்திட்டாங்க.

"என்ன அம்மணி பண்ணப் போற?"

"காய வெக்கறேங்க்கா. ஒம்பது நாள்தான் இருக்குது."

"உனக்கு ஓட்டம், எங்களுக்குச் சோறு."

"நான் ஏழாவதுல இருந்து காத்திருக்கேங்க்கா."

"நாங்க மட்டும் என்ன, நேத்துலருந்தா காத்திருக்கோம்?"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுட்டு நின்னாங்க. கடைசில வளர்மதி அக்கா ஷட்டர விட்டுட்டு, "காய வெச்சுக்கோ. உம் வண்டி"ன்னாங்க. அப்படிச் சொன்னது திட்டினத விட மோசமா இருந்துச்சு.

ஹபீப் பாயும் தமயந்தி அக்காவும் சீட்ட கழட்டினாங்க, கார்ப்பெட்ட உரிச்சு மொட்டமாடில காயப்போட்டாங்க, பச்ச பூத்த ஒவ்வொரு கனெக்டரயும் பல்லு தேய்க்கற பிரஷ்ல தேச்சாங்க. ஈசியூவ அரிசி மூட்டைக்குள்ள மூணு நாள் பொதச்சு வெச்சாங்க. பாய் வீட்டம்மாவோட முடி காய வெக்கற மெஷினு ராப்பகலா ஓடிச்சு. அஞ்சு நாள் ஒரு சொட்டுத் தண்ணி வரல, வீதியில ஒருத்தரும் அக்காகூட பேசல, கோலமும் நின்னு போச்சு. ஆறாவது நாள், புதன்கெழம, எல்லாத்தயும் மாட்டி, பவுடர் போட்ட கொழந்த மாதிரி காஞ்சு நிக்கற வண்டியில சாவிய திருகினாங்க.

ஒண்ணும் இல்ல. ஒரு 'டிக்' சத்தம் கூட இல்ல.

பேட்டரி மாத்தினாங்க, இல்ல. ஃபியூஸ் மாத்தினாங்க, இல்ல. பாய் ஸ்டீயரிங்ல நெத்திய வெச்சுக்கிட்டு, "நாப்பது வருஷத் தொழில்ல இப்படி சுத்தமா ஒரு வண்டிய நான் ரெடி பண்ணினதே இல்ல, இப்படி சுத்தமா ஒரு வண்டி செத்ததும் இல்ல"ன்னாரு. ரெண்டு பேரும் கதவ மூடிட்டு டீ குடிக்கப் போனாங்க.

திரும்பி வந்தா எடது இண்டிகேட்டர் மினுக்கிட்டு இருக்குது.

தண்ணி ஏறிட்டு இருந்துச்சு. கணுக்கால் வரைக்கும் வந்துச்சு, ஈசியூ முங்குச்சு, மீட்டர்ல வெளக்கு ஒவ்வொண்ணா எரிஞ்சுச்சு. முழங்கால் வரைக்கும் வந்ததும் ரேடியோ பாடுச்சு. அக்கா ஈரத்துலயே ஏறி உக்காந்து சாவியத் தொட்டாங்க, திருகக்கூட இல்ல, வண்டி உறுமிருச்சு, அப்படி ஒரு சத்தத்தத் திருச்சூர்லருந்து வந்தன்னைக்குக் கூட நாங்க கேக்கல.

அக்கா சாவியிலருந்து கைய எடுத்து தண்ணிக்குள்ள விட்டுப் பாத்தாங்க. அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சாங்க. "பாய்! நானே இந்தத் தப்பப் பண்ணலாமா? இது சப்மெர்சிபிள் பாய்!"

எங்க ஊர்ல மோட்டார் தெரிஞ்ச யாருக்கும் இத வெளக்க வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். கெணத்துக்குள்ள எறக்கற மோட்டார்ல காயில் கம்பியே தண்ணிக்குள்ளதான் இருக்கும். எறக்கறதுக்கு முன்னாடி உள்ள நல்லதண்ணி ரொப்பி, காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம மூடணும். ரொப்பாம ஓட்டினா கருகிரும். தெனமும் அத ரொப்பி ரொப்பி மூடற கை தமயந்தி அக்காவோடது. அந்தக் கைதான் ஆறு நாளா வண்டியப் புடிச்சு வறுத்துட்டு இருந்துச்சு.

"தண்ணி உள்ள வராம பாக்க வேண்டியதில்ல பாய், வெளிய போகாம பாத்தாப் போதும்." அன்னைக்கே கதவு பீடிங் எல்லாத்தயும் உரிச்சு, உள்பக்கத்த வெளிப்பக்கமா திருப்பி ஒட்டினாங்க. மோட்டார் மூடிக்குப் போடற ரப்பர் வளையத்த வெட்டி வெட்டி தரை ஓட்டைக்கெல்லாம் அடிச்சாங்க. வியாழக்கெழம காலைல வண்டி சீட்டு மேல வரைக்கும் தண்ணி ரொம்பி, ஒரு சொட்டு வெளிய வராம, மீன்தொட்டி மாதிரி அமைதியா நின்னுச்சு. அக்கா கதவத் தொறக்காம மேல வழியா ஏறி உள்ள எறங்கினாங்க. வீதியே வேடிக்க பாத்துச்சு.

மொத திருப்பத்துலயே நாலு கொடம் தண்ணி அலையா எழும்பி, வாத்தியார் மேல ஊத்துச்சு.

ரெண்டாவது தடவ பால்காரர் மேல. மூணாவது தடவ அக்காவே தல முங்கி எழுந்தாங்க. நின்னா சொட்டல, நேராப் போனா சொட்டல, திருப்பினா கொட்டுது. ட்ராக்குல திருப்பம் மட்டும் ஒம்பது இருக்குது. அக்கா ஸ்டீயரிங்கப் புடிச்சுக்கிட்டு அழுகற மாதிரி உக்காந்திருந்தப்போ, ஆறு நாளா பேசாத வளர்மதி அக்கா கிட்ட வந்து கதவு மேல கைய ஊணினாங்க.

"ஏன் அம்மணி, நீ பொறந்ததுலருந்து ஒரு கொடமே தூக்கினதில்லையா?"

"கடையிலயே போர் இருக்குங்க்கா."

"அதான! எப்படிச் சிந்தற பாரு, சின்னப்புள்ளைக கூட இப்படிச் சிந்தாது. நகரு." சேலைய முழங்காலுக்கு மேல சொருகிட்டு, வெள்ளிக்கொலுசோட தண்ணிக்குள்ள எறங்கி பக்கத்து சீட்டுல உக்காந்துட்டாங்க. "ஒரு ஒப்பந்தம். காலைல எட்டரை வரைக்கும் தண்ணி எங்களுக்கு. அப்பறம் உள்ள மிச்சம் நிக்கறதெல்லாம் உன் ஓட்டத்துக்கு. சரியா?"

"சரிங்க்கா."

"வண்டிய எடு. மெதுவா. தண்ணியப் பாக்காத, தண்ணியப் பாத்தா சிந்தும். வழியப் பாரு."

வியாழன், வெள்ளி, சனி, மூணு நாளும் பள்ளிக்கூட மைதானத்தச் சுத்தி ரெண்டு பேரும் மடி வரைக்கும் தண்ணியில உக்காந்து சுத்தினாங்க. வெளிய நின்ன எங்களுக்கு வளர்மதி அக்கா கொரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும், "வளையறதுக்கு முன்னாடியே மெதுவாக்கு, வளைஞ்சுட்டு மெதுவாக்காத! கொடத்த வெடுக்குன்னு எடுப்பாங்களா? எடுக்கறப்போவே எடுக்கறது தெரியக்கூடாது! இப்போ விடு, இப்போ விடு, ஓடு, ஓடு!" வெள்ளிக்கெழம சாயங்காலம் சிந்தறது ஒரு சொம்பா கொறஞ்சுச்சு. சனிக்கெழம மத்தியானம் நின்னே போச்சு. வேகம் மட்டும் எப்படிக் கூடுச்சுன்னு ஹபீப் பாய்க்கே புரியல, கையில வாட்ச்ச வெச்சுக்கிட்டு, "இவ மெதுவாப் போறா மாதிரியே இருக்குது, ஆனா சீக்கிரம் வந்துடறா"ன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தாரு.

ஒரு நிமிஷம் இருங்க, எனக்கு ஃபோன் வந்துச்சு, பேசிட்டேன். சரி, ஞாயித்துக்கெழம.

செக்கிங் பண்றவரு ஜெயப்பிரகாஷ் சார், பல்லடத்துக்காரரு, ரெண்டு தடவையும் அக்காவத் திருப்பி அனுப்பினவரு அவருதான். வண்டிக்கடியில பெரிய வெள்ளை அட்டைய விரிச்சுப் போட்டு பத்து நிமிஷம் காத்திருந்தாரு. அட்டை காஞ்சே இருந்துச்சு. அப்பறம் நிமிந்து உள்ள எட்டிப் பாத்தாரு. வெரல விட்டுப் பாத்தாரு.

"என்னம்மா இது?"

"தண்ணிங் சார்."

"வண்டிக்குள்ள எதுக்கு?"

"ரொப்பலீன்னா ஓடாதுங் சார்."

அவரு வெரலத் தொடச்சுக்கிட்டாரு. தோட்டத்துல ஆயிரம் அடி போர் போட்ட மனுசன். "சப்மெர்சிபிளா?"

"ஆமாங் சார்."

"எத்தன ஹெச்பி?"

"நூத்தி நாப்பதுங்."

"கெணறு இல்லாம ஓட்டறீங்க! பெரிய ஆளுதான்." ரூல் புக்க எடுத்து வெரல எச்சில் தொட்டுப் பொரட்டினாரு. ஆயில் சிந்தக்கூடாது, பெட்ரோல் சிந்தக்கூடாது, ரேடியேட்டர் தண்ணி சிந்தக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. "உள்ள இருக்கறதப் பத்தி ஒண்ணும் போடல. ஆனா அம்மணி, ட்ராக்குல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா வெளிய போன்னு கருப்புக் கொடி காட்டிருவேன். அப்பறம் என்னத் திட்டக்கூடாது."

மூணு ரவுண்டு. ஒவ்வொரு வண்டியா விடுவாங்க, எல்லாத்துலயும் கொறஞ்ச நேரம் யாருன்னு பாப்பாங்க. எங்க வீதியில நாப்பது பேரு வேலியப் புடிச்சுட்டு நின்னோம், வால்வு அண்ணன் கூட லீவு போட்டுட்டு வந்திருந்தாரு. முன்னாடி போன வண்டியெல்லாம் திருப்பத்துல டயர் கத்தி, பொகை விட்டு, பின்பக்கம் வழுக்கி வழுக்கிப் போச்சு. அக்கா வண்டி சத்தமே இல்லாமப் போச்சு. திருப்பத்துக்கு முன்னாடியே அடங்கி, வளைவுல சாய்ஞ்சு, நேர்ல போறப்போ விட்டுத் தள்ளி, உள்ள தண்ணி ஒரு பக்கமா ஏறி கதவு விளிம்பத் தொட்டுப் பாத்துட்டு மறுபடியும் எறங்கி, மொத ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டு.

மூணாவது ரவுண்டுல கடைசி வளைவு, கொக்கி மாதிரி வளையற எடம். அக்காவுக்கும் ஆசை வந்துருச்சு போல, கொஞ்சம் அதிகமாவே வேகத்தோட வந்தாங்க. தண்ணி அப்படியே திரண்டு எழும்புச்சு. கதவு விளிம்புக்கு மேல ஒரு வெரக்கட ஒசரம் கண்ணாடிச் செவுரு மாதிரி நின்னுச்சு. ஜெயப்பிரகாஷ் சார் கை கருப்புக் கொடிக்குப் போச்சு. ஹபீப் பாய் கண்ண மூடிக்கிட்டாரு.

வளர்மதி அக்கா வேலி மேலயே ஏறிட்டாங்க. "தண்ணியப் பாக்காத அம்மணி! வழியப் பாரு, வழிய!"

ஹெல்மெட்டுக்குள்ள கேட்டிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா தமயந்தி அக்கா தல கொஞ்சம் நிமிந்துச்சு, வளைவு முடியற எடத்தப் பாத்துச்சு, ஸ்டீயரிங்ல இருந்த கை ஒரு நூலளவு எளகுச்சு. அந்தத் தண்ணிச் செவுரு நின்ன எடத்துலயே ஒரு கணம் யோசிச்சு, அப்பறம் பெரிய மனசு பண்ணி, வந்த வழியே அக்கா மடியில எறங்கி உக்காந்துச்சு.

வண்டி கோட்டத் தாண்டி வந்து நின்னதும் நேரத்த யாரும் கேக்கல. ஜெயப்பிரகாஷ் சார் வளைவுல போய் ரோட்டத் தடவிப் பாத்தாரு, வந்து வண்டிக்கடியில அட்டையப் போட்டு தரையில படுத்துட்டாரு. அவரு கூட கொடி காட்டற மார்ஷல் நாலு பேரு படுத்தாங்க, வால்வு அண்ணன் படுத்தாரு, வாத்தியாரும் வேட்டியோட படுத்துட்டாரு. அக்கா மேலருந்து, "காஞ்சிருக்குதுங்களா சார்? காஞ்சிருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க.

சார் எந்திரிச்சு சட்டையத் தட்டிக்கிட்டாரு. "எங்க தோட்டத்து வாய்க்கா மாதிரி காஞ்சு கெடக்குதும்மா."

பதினேழு பேருல மூணாவது எடம். மைக்ல அக்கா பேரச் சொன்னப்போ அவங்க மேடைக்குப் போக முடியல, ஏன்னா அதுக்குள்ள கதவ வெரலளவு தொறந்து தண்ணி விட ஆரம்பிச்சுட்டாங்க, விட்டா மொத்தமும் கொட்டிரும்னு கதவ இழுத்துப் புடிச்சுட்டு நின்னாங்க. வெயில்ல வெந்துட்டு இருந்த மொத்த ட்ராக்கும் பாட்டிலத் தூக்கிட்டு அங்க வந்துருச்சு, ஜெயிச்சவன், தோத்தவன், டயர் மாத்தறவன், கொடி காட்டறவன், ஹெல்மெட்ட கவுத்துப் புடிச்சுட்டு ஒருத்தன். யாரும் சொல்லாமயே வரிசை நின்னுச்சு, நடுவுல பூந்த ரெண்டு பேருக்கு ஹார்ன் அடிச்சுச்சு. மேடைக்கு வளர்மதி அக்காதான் போனாங்க. யாரோ ஒரு பெரியவர் கைகுலுக்கி பரிசு வெள்ளிக் கப்ப நீட்டினதும், ஃபோட்டோவுக்கு நிக்கச் சொன்னாங்க. நிக்கல. கப்ப இடுப்புல வெச்சுக்கிட்டு, கூட்டத்த வெலக்கிட்டு நேரா வந்து, குனிஞ்சு, கதவுக்கடியில புடிச்சு ரொப்பி நீட்டினாங்க.

"புடி. மூணு மணி நேரமா மடி வரைக்கும் தண்ணியில உக்காந்திருக்க, ஒரு வாய் குடிச்சியா நீ?"

தமயந்தி அக்கா ஒரு கையில கதவப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில வாங்கி, ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாங்க. ஒரு சொட்டு சிந்தல.